கிழமையும் திதியும் பார்த்து அந்தமான் சுற்றுங்கள்

போர்ட் பிளேரில் டிசம்பர் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு நல்ல இருட்டு. அதே நாள் சென்னையில் சூரியன் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் அந்தமான் கிடப்பதோ மியான்மருக்கும் தாய்லாந்துக்கும் பக்கத்தில். மே மாதம் வந்தால் காலை ஐந்துக்கே வெயில் ஜன்னலில் வந்து நிற்கும். எட்டரைக்குக் குளித்து, ஒன்பதுக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று நினைப்பவருக்கு அந்தமானில் பாதி நாள் அப்போதே போய்விட்டது.

வேலை நிமித்தம் சில வருடங்கள் போர்ட் பிளேரில் குடியிருந்தேன். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தங்க வீடு, கூட வர ஆள், இரண்டும் இலவசம் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முழுப்பரீட்சை முடிந்தால் ஒரு கூட்டம், பொங்கலை ஒட்டி ஒரு கூட்டம். வருகிற எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஜெயில், ராஸ், நார்த் பே, வைப்பர், ஜாலி பாய், பாரதாங், ஹேவ்லாக், நீல். இத்தனையும் ஐந்து நாளில் பார்க்க வேண்டும், ஆறாம் நாள் காலை விமானம்.

பட்டியலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத்தான் முதலில் புரட்டுவேன். கிழமை என்ன, அமாவாசை பௌர்ணமி என்றைக்கு, அப்புறம் படகு உண்டா. இந்த மூன்றுக்கும் அடங்கித்தான் தீவில் திட்டம் போட முடியும். அதிலும் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான்.

கிழமை எதற்கென்றால், இங்கே ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நாள் மூடும். செல்லுலார் ஜெயிலுக்கும் ஜாலி பாய் தீவுக்கும் திங்கள் விடுமுறை. ராஸ் தீவுக்குப் புதன். சாத்தம் மரம் அறுக்கும் ஆலைக்கு ஞாயிறு. இந்த முறை அவ்வப்போது மாறும், அதனால் முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி, "நாளைக்கு முதல் வேலையா ஜெயிலைப் பார்த்திரணும்" என்று கிளம்பியவர்கள் பூட்டிய கேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிய கதைகள் நிறைய உண்டு.

பெயரையும் சொல்லிவிடுகிறேன், டிக்கெட் எடுக்கும்போது குழம்ப வேண்டாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. படகு டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். ஆட்டோக்காரரும் கடைக்காரரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஊருக்குள். செல்லுலார் ஜெயிலுக்குக் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்தரை, பதினொன்றுக்கு மேல் கூட்டமும் வெக்கையும் சேர்ந்துகொள்ளும். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டிடம் இது. நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் நீண்ட மூன்று மாடி வரிசைகள், எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். இப்போது மிச்சமிருப்பவை மூன்று வரிசைகள்தான். இடிந்தும் இடித்தும் போன இடத்தில் அரசு ஆஸ்பத்திரி நிற்கிறது. பெரும்பாலானவர்கள் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மொட்டை மாடிக்கு ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் அழைத்துப்போகிறவர்களை ஏதாவது ஓர் அறைக்குள் போகச் சொல்லி, கதவைச் சாத்துவேன். அப்புறம் கம்பிக்கு வெளியே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொடச் சொல்வேன். தொட முடியாது. தாழ்ப்பாளின் நீண்ட கம்பி கதவை விட்டு விலகிப் போய், சுவரில் குடைந்த ஒரு பொந்துக்குள் மாட்டுகிறது. பூட்டு அங்கே இருக்கிறது. உள்ளே இருப்பவன் எவ்வளவு நீண்ட கைக்காரனாக இருந்தாலும் எட்டாது. ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். எதிர் அறைக்காரனின் முகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எட்டாத உயரத்தில் காற்றுக்கு ஒரு சின்ன ஜன்னல். இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் வழிகாட்டி தேவையில்லை.

சாயங்காலம் அங்கேயே ஒலி ஒளிக் காட்சி நடக்கும். முற்றத்து அரசமரம் கதை சொல்வது போல அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இந்தியில்தான், குறிப்பிட்ட சில காட்சிகள் மட்டும் ஆங்கிலத்தில். இந்தி தெரியாத பெரியவர்களை அழைத்துப் போவதானால் பகலில் ஜெயிலைச் சுற்றிக் காட்டி, கதையைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் கொசுக்கடியில் ஒரு மணி நேரம் கலர் லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என் அம்மா சொன்ன விமர்சனம் இது.

ராஸ் தீவு ஊருக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத் தெரியும். அபர்தீன் துறையிலிருந்து படகில் ஏறினால் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கிட்டத்தட்ட எல்லா டூர்காரர்களும் ராஸையும் நார்த் பேயையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கிறார்கள். நார்த் பேயில் கடலுக்கடியில் நடப்பது, கண்ணாடிப் படகு, வாட்டர் ஸ்கூட்டர் என்று பணம் கறக்க வழி நிறைய. அதனால் அங்கே மூன்று மணி நேரம் நிறுத்துவார்கள். ராஸுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். எனக்கு இது தலைகீழ் கணக்காகத் தோன்றும். ராஸுக்கு மட்டும் தனியாகக் காலை முதல் படகில் போய், இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாக நடந்துவிட்டு வருவதுதான் சரி.

1858இல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியதிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, இந்தத் தீவுக்கூட்டம் முழுவதையும் ஆங்கிலேயர்கள் ஆண்டது இந்தக் குட்டித் தீவிலிருந்துதான். தேவாலயம், ரொட்டிக்கூடம், நடன அரங்கு, டென்னிஸ் மைதானம் எல்லாம் இருந்தன. 1941இல் பெரிய நிலநடுக்கம், 1942இல் ஜப்பான் படை. போர் முடிந்தபின் தீவு கைவிடப்பட்டது. இன்று அந்தச் சுவர்களை ஆலமர வகை வேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சில இடங்களில் செங்கல் உதிர்ந்துபோய், சுவர் இருந்த வடிவத்தில் வேர் மட்டும் நிற்கிறது. ஜன்னல் இருந்த சதுரத்தைச் சுற்றி வேர் வளைந்து போயிருப்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். புள்ளிமான்கள் கூச்சமில்லாமல் பக்கத்தில் வரும். கையில் இளநீர் இருந்தால் இன்னும் பக்கத்தில் வரும். வடகோடிக்கு இறங்கும் படிக்கட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கலங்கரை விளக்கமும் அலை மோதும் பாறைகளும் அங்கேதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது, அவர்கள் அந்தப் படிகளை மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம்.

நார்த் பேயைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் அழகு என்பது என் கட்சி. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு எங்கேயாவது கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், தென்னைக்கும் மரங்களுக்கும் இடையில் கடலும் கலங்கரை விளக்கமும் தெரியும். அது மவுண்ட் ஹாரியட்டிலிருந்து தெரியும் நார்த் பே. 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் அரசரையும் அவருடைய ஆட்களையும் நாடு கடத்திக் கொண்டுவந்து வைத்த மலை என்பதால் 2021இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே போகிற வழிதான் எனக்கு மிகவும் பிடித்த ஒருநாள் பயணம். செலவும் குறைவு. சாத்தம் தீவுக்குப் பாலத்தில் போய், 1883இலிருந்து ஓடும் மர ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம். படாக்கு மரத்தின் செக்கச்செவேல் பலகையும் அதன் வாசனையும் அங்கே கிடைக்கும். போரில் குண்டு விழுந்த பள்ளம் இப்போது குட்டையாக இருக்கிறது. பக்கத்துத் துறையில் வண்டியோடு மிதவைக் கப்பலில் ஏறினால் சில நிமிடத்தில் பம்பூ பிளாட். மீன்கூடையோடு ஏறும் பெண்கள், ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று உள்ளூர் முழுக்க அந்தக் கப்பலில்தான் இருக்கும். கிளம்பும்போது இந்தி, நடுவில் வங்காளம், இறங்கும்போது தமிழ் காதில் விழும். அங்கிருந்து மலை ஏறும் சாலையில் ஒரு வளைவில் நிறுத்தி நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது எல்லோருடைய சடங்கு. போகும் வழியில் இருக்கும் ஹோப் டவுன் துறையில்தான் 1872இல் வைஸ்ராய் மேயோவை ஷேர் அலி குத்திக் கொன்றான். அவனைத் தூக்கிலிட்ட இடம் வைப்பர் தீவு.

இனி திதிக்கு வருகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவு. நாளொன்றுக்குக் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பிறவிப் பாடம். மதுரை, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் டைட் சார்ட்டைப் போனில் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டலில் கேட்டாலும் சொல்வார்கள். பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹேவ்லாக்கின் விஜய் நகர் கடற்கரை ஒன்றே போதும். கடலைப் பார்த்த ரூம் என்று கூடுதல் வாடகை கொடுத்து என் மாமா தங்கினார். முந்தின நாள் மாலை மர வேர்வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பியவர் போன் பண்ணினார்.

"மாப்ளே, நேத்து இருந்த கடல் எங்கே?"

வெகுதூரத்துக்குப் பாறையும் சேறும் இறந்த பவளமுமாகக் கிடந்தது. அதில் நடந்து போய்க் குளிக்கவும் முடியாது, காலைக் கிழித்துவிடும். அந்தப் பக்கத்தில் கடல் ஏறியிருக்கும்போது குளிக்கலாம், வற்றியிருக்கும்போது குழிகளில் நண்டும் சின்ன மீனும் பார்க்கலாம். மாற்றிச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

நீல் தீவில் கதை நேர் எதிர். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இயற்கையாகவே பாலம் போல வளைந்து நிற்கும் பாறை இருக்கிறது. கடல் வற்றினால்தான் அதனடிக்குப் போக முடியும். ஏறியிருக்கும்போது போனவர்கள் கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று திரும்புகிறார்கள். நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் இறங்குங்கள். அப்போது தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும், பயமில்லை. திரும்ப ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுங்கள். அங்கே நடப்பது பாறை மேலும் பாசி மேலும்தான். ரப்பர் செருப்பு வழுக்கும், பின்பக்கம் பட்டை வைத்த பிடிப்பான செருப்பு வேண்டும். உள்ளூர்ப் பையன்கள் கூட வந்து கடல் அட்டை, நட்சத்திர மீன், பெரிய சிப்பி எல்லாம் காட்டுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, கண் கூர்மை. நாம் நூறு தடவை தாண்டிப் போன குழியில் அவர்களுக்கு ஏதாவது கிடைக்கும். காசு கொடுங்கள், ஆனால் "கையில் எடுத்துத் தர வேண்டாம் தம்பி, அங்கேயே காட்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒருமுறை என்று நாள் முழுக்கத் தூக்கித் தூக்கிக் காட்டினால் அந்த உயிர் எத்தனை நாள் தாங்கும்?

ஹேவ்லாக்கை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டும் கிடைக்கும். வாங்காதீர்கள். போர்ட் பிளேரிலிருந்து தனியார் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அரசுப் படகில் இரண்டரை. ராதாநகர் கடற்கரை துறையிலிருந்து தீவின் மறுபக்கத்தில், மேற்கே பார்த்து இருக்கிறது. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம். அதன் அழகே சாயங்காலத்தில்தான். திரும்பும் படகோ இருட்டுவதற்குள் போர்ட் பிளேர் சேர வேண்டும் என்பதால் அதற்கு முன்பே கிளம்பிவிடும். ஆகவே ஒருநாள் டிக்கெட்காரர்கள் மொட்டை வெயிலில் ராதாநகரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து படகு ஏறுகிறார்கள். இரண்டு இரவு தங்கினால் ஒரு மாலை அங்கே, மறுநாள் விடியலில் கிழக்குப் பக்கம் காலாபத்தர். உண்மையில் ராதாநகருக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் மணலில் நண்டு கிழித்த கோடுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. கூட்டம் பிடிக்காதவர்கள் அப்போது போகலாம்.

எலிபெண்ட் பீச்சுக்கும் காலையில்தான் போக வேண்டும். துறையிலிருந்து படகு உண்டு, காட்டுக்குள் நடந்தும் போகலாம். மழை பெய்திருந்தால் நடைப்பாதை வெறும் சேறு, அட்டையும் இருக்கும். மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளால் வந்த பெயர் என்கிறார்கள். கடலில் நீந்துவதற்குப் பேர்போன ராஜன் என்ற யானை இந்தத் தீவில்தான் இருந்தது, 2016இல் இறந்துபோனது. இன்னும் சிலர் வந்து இறங்கியதும் நீந்தும் யானையை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறார்கள்.

ஸ்கூபா போக ஆசைப்படுகிறவர்கள் அதை ஹேவ்லாக்கில் முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள். ஆழத்துக்குப் போய் வந்தவர்கள் குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ஆஸ்துமா, சைனஸ், காதுவலி, இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவார், அதில் சிக்கலில்லை. சிக்கல் வருவது காதில்தான். கீழே இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதச் சொல்வார்கள், வலித்தால் சைகை காட்டி நிறுத்திவிட வேண்டும். வீரம் காட்டும் இடம் அதுவல்ல.

பவளம் பார்க்க எனக்குப் பிடித்த இடம் ஜாலி பாய். போர்ட் பிளேரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வண்டூர், அங்கிருந்து படகு. 1983இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கும் பதினைந்து தீவுகளில் ஒன்று. நவம்பரிலிருந்து மே மாத நடுவரை அதைத் திறந்து வைத்திருப்பார்கள், மற்ற மாதங்களில் பக்கத்திலிருக்கும் ரெட் ஸ்கின் தீவு. வனத்துறை அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் எதையும் விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தவர்கள் துறையிலேயே உட்கார்ந்து தின்று தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. என் மனைவி விடிகாலையில் புளிசோறு கிளறி எவர்சில்வர் தூக்கில் போட்டு, வறுத்த அப்பளத்தை இன்னொரு டப்பாவில் அடைத்துவிடுவாள். தீவில் கடை கிடையாது, கழிப்பறை வசதியும் பெயருக்குத்தான். மரத்தடியில் அந்தத் தூக்கைத் திறந்தபோது பக்கத்துக் குடும்பம் பார்த்த பார்வையில் பாதி சோற்றைப் பங்கிட வேண்டியதாயிற்று.

ஜாலி பாயில் கரையை ஒட்டிய தண்ணீர் தரைமட்டம் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கும், அதுவும் காலையில் காற்று எழும்புவதற்கு முன். கண்ணாடிப் படகில் பார்த்துவிட்டு, முகமூடி மாட்டிக் கொஞ்ச நேரம் மிதந்தும் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். 1998இலும் 2010இலும் கடல் சூடேறி இங்கே ஏராளமான பவளம் வெளுத்துச் செத்திருக்கிறது, மிச்சத்தை நாம் மிதிக்க வேண்டாம். வண்டூர் போகும் சாலையில் சிப்பிகாட் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. நெல் விளைந்த வயல்கள் உப்புத் தண்ணீரில் முழுகி, இப்போது கொக்கும் வாத்தும் மேயும் ஏரியாகக் கிடக்கின்றன. பட்டுப்போன மரங்கள் நடுத்தண்ணீரில் நிற்கின்றன. டூர் பட்டியலில் இந்த இடம் இருக்காது. கேமரா வைத்திருக்கும் பறவை ஆர்வலர்களுக்கு மட்டும் தெரியும்.

வண்டூரில் கடலில் இறங்குவதற்கு முன் பலகையைப் படியுங்கள். உப்புநீர் முதலை இங்கே கதையல்ல. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. சதுப்புக் காட்டு ஓடை கடலில் சேரும் இடங்களில், குறிப்பாக மசங்கும் நேரத்தில், முட்டளவு தண்ணீரில்கூட நிற்கக் கூடாது. வலை கட்டிய இடத்தில் மட்டும் குளிக்கலாம்.

பாரதாங்கைப் பற்றி நிறைய பேர் கேட்பார்கள். விடிகாலை மூன்றரைக்கு வண்டி ஏற வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டிப் படிவம் கொடுத்து வரிசையில் நின்றால், குறிப்பிட்ட நேரத்தில் போலீஸ் முன்னே போக, எல்லா வண்டியும் ஒரே தொடராகக் காட்டுக்குள் போகும். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அப்புறம் மிதவைக் கப்பல், அப்புறம் விசைப்படகில் சதுப்புக் காட்டு ஓடை, கொஞ்சம் நடை, கடைசியில் சுண்ணாம்புக் குகை. ஓடை குறுகிக் குறுகி இரண்டு பக்க மரமும் தலைக்கு மேல் கூடிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலை போவது ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டுக்குள். பலருக்கு உண்மையான ஆசை குகை அல்ல, சாலையோரம் யாராவது தென்படுவார்களா என்பதுதான்.

பெரியப்பா வந்திருந்தபோது வழியில் ஒரு கடையில் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் போர்ட் பிளேரிலேயே பிறந்தவர், அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கம். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஐயா, பழம் யாருக்கு?"

"வழியில் அந்த ஆளுக நின்னா குடுக்கலாம்னுதாம்பா. பாவம்ல."

வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "பழத்தை இங்கேயே சாப்பிட்டு முடிங்க, இல்லே கீழே வைங்க. அதுவரைக்கும் வண்டி போகாது. மாட்டினா என் லைசென்ஸ் மட்டும் இல்லே, ஜெயில் வரைக்கும் போகும்."

அவர் சொன்னது சரி. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2012இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். வெளியாட்களோடு பழகத் தொடங்கிய சில வருடங்களிலேயே, 1999இல், அந்த மக்களிடையே தட்டம்மை பரவியது. மொத்தமே சில நூறு பேர். அந்தச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொன்னது, சாலை இன்றும் ஓடுகிறது. பெரியப்பா டிரைவருக்கு இரண்டு பழம் கொடுத்து, மிச்சத்தை நாங்கள் தின்று முடித்தோம். அதற்குப் பிறகு வந்த சொந்தக்காரர்கள் யாரையும் நான் பாரதாங் அழைத்துப்போகவில்லை. சதுப்புக் காடுதான் பார்க்க வேண்டும் என்றால் ஹேவ்லாக்கில் துடுப்புப் படகில் கூட்டிப்போகிறார்கள். விசைப்படகுச் சத்தம் இல்லை, மீன்கொத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, அவர்கள் தனியாகப் போய்விட்டு வந்தார்கள்.

கடைசியாகப் படகு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் எந்த மாதமானாலும் படகு நிற்கும். எந்தப் படகுக்காரரும் இதற்கு உத்தரவாதம் தரமாட்டார், தரவும் முடியாது. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதியம் விமானம் பிடிக்கும்படி ஒரு டூர் நிறுவனம் போட்டுக்கொடுத்த திட்டத்தை நம்பி என் தங்கை குடும்பம் வந்தது. அன்றைக்குப் பார்த்துக் காற்று. படகு ரத்து, விமானம் போனது, நான்கு பேருக்குப் புது டிக்கெட். படகுப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், விமானப் பணத்துக்கு அந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. தீவு தங்கலை முதலில் முடித்துவிட்டு, ஜெயிலையும் ராஸையும் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. வரும்போதே ஆர்வத்தில் எல்லோரும் ஜெயிலுக்கு ஓடுகிறார்கள். அது எங்கும் போகாது.

வாந்தி வருகிறவர்கள் படகு கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும், கீழ்த்தளத்தில் பின்பக்கமாக நடு இருக்கை கேட்டு வாங்குங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்தபிறகு போன் சிக்னல் எவ்வளவோ தேவலை, ஆனாலும் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஜிபேயை நம்பி இளநீர் குடித்துவிடாதீர்கள். ரொக்கம் வைத்திருங்கள். கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், அது கொசுவைவிட மோசம், வாரக்கணக்கில் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பலாம், நேரே மணலில் படுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அபர்தீன் பஜாரில் இட்லி தோசை தாராளம். ஹேவ்லாக்கிலும் நீலிலும் தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம் என்பதால் கடுகெண்ணெய் மீன் குழம்புதான் நன்றாக இருக்கும். அங்கே போய் சாம்பார் கேட்டு நொந்துகொள்ள வேண்டாம்.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கரையில் பொறுக்கி எடுத்து வராதீர்கள். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது தெரிந்துவிடும், பல வகைகள் வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன. என் அத்தை பேரனுக்கென்று கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வேண்டுமென்றால் அரசின் சாகரிகா கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பில் போட்டுத் தருவார்கள். அந்தப் பில்லைப் பெட்டிக்குள் அடியில் போடாமல் கைப்பையில் மேலாக வையுங்கள், கேட்டதும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.